ஒரே இன்டர்நெட் கம்பெனி போதுமா?

(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)

நம் கட்டடத்தில் தனக்கு மட்டும் கேபிள் இழுக்க அனுமதி கொடுத்தால் சங்கத்துக்குப் பணம் தருவதாக ஒரு பிராட்பேண்ட் கம்பெனி சொல்லியிருக்கிறது. வங்கியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வரவை மட்டும் பார்த்துக் கணக்கை முடித்துவிடாதீர்கள்.

மொபைல் நம்பரை மாற்றாமலே கம்பெனியை மாற்றிக்கொள்ளும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் இருக்கிறது. 1900-க்கு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் வேலை தொடங்கிவிடும். வாடிக்கையாளர் போய்விடுவார் என்ற பயம்தான் கம்பெனிகளை ஒழுங்காக வைத்திருக்கிறது.

"சேவை சரியில்லை என்றால் டிராயிடம் போகலாமே" என்பீர்கள். தனிநபர் புகார்களை டிராய் விசாரிப்பதில்லை. முதலில் கம்பெனியின் புகார் மையம். அங்கே தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவு. நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது; ஆனால் அதற்கு நாளாகும். வேறு கம்பெனிக்கு மாறுவது அதைவிடச் சுலபம், மாறுவதற்கு இன்னொரு கம்பெனி இருந்தால்!

கேபிள் போகும் வழி நம் எல்லோருக்கும் சொந்தம். உரிமம் பெற்ற எந்தக் கம்பெனி வந்தாலும் ஒரே வாடகை, ஒரே நிபந்தனை என்று எழுத்தில் முடிவு செய்வோம். வாக்களிக்குமுன் யோசியுங்கள்.