வெள்ளத்தை அடக்கிய அணையும் வறண்டு கிடக்கும் நம் ஏரியும்

(பொம்மிடி விவசாயிகள் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



மேட்டூர் அணையைப் பார்த்தவங்க நம்மில் நிறையப் பேர் இருக்கீங்க. அங்கே தேங்கும் தண்ணீருக்கு ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பேர். 1934 ஆகஸ்ட் 21-ல் அணையைத் திறந்து வைத்த சென்னை மாகாண கவர்னரின் பேர் அது. உபரித் தண்ணீர் வெளியேறும் 16 கண் மதகுக்கு எல்லீஸ் என்ற இஞ்சினியரின் பேர். திறந்தவங்க பேரும் கட்டினவங்க பேரும் நிலைச்சு நிற்குது, நிற்கட்டும். எதுக்காகக் கட்டினாங்க என்பதையும் நாம தெரிஞ்சு வைக்கணும்.

1924 பிப்ரவரியில் மைசூர் அரசும் சென்னை அரசும் காவிரி ஒப்பந்தம் போட்டன. அந்த வருஷம் ஜூலையிலேயே காவிரியில் பெருவெள்ளம். திருச்சி, தஞ்சாவூர்ச் சீமையில் வீடும் வயலும் போச்சு. அடுத்த வருஷம் அணை வேலை தொடங்கி, ஒன்பது வருஷம் நடந்தது. 120 அடி உயரத்துக்கு 93.47 டி.எம்.சி. தண்ணீர் நிற்கும். வெள்ளம் வந்தா பிடிச்சு வைக்கணும், காய்ச்சல் காலத்தில் திறந்து விடணும். இதுதான் அணைக்குக் கொடுத்த வேலை. டெல்டா விவசாயி அதை நம்பித்தான் நாற்று விடுகிறார். அதை நாம் குறை சொல்லலை.

ஆனா அங்கே இன்னொரு அடையாளமும் இருக்கு. தண்ணீர் நல்லா இறங்கினா பண்ணவாடி பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலை தெரியும், பழைய கிறிஸ்தவக் கோயில் கோபுரம் தெரியும். அணைக்காக ஊரையும் நிலத்தையும் விட்டுப் போன குடியானவங்களின் அடையாளம் அது. அவங்க பேரை யார் சொல்றாங்க? அன்றைக்கு நாமும் அந்தச் சேலம் ஜில்லாதான். 1965-ல்தான் தருமபுரி தனி மாவட்டம் ஆச்சு. இன்றைக்கும் அணைத் தண்ணீர் நம் மாவட்டத்து நாகமரைக் கரையைத் தொட்டு நிற்குது. கிழக்குக்கரை, மேற்குக்கரை வாய்க்கால்கள் சேலம், ஈரோடு, நாமக்கல் பக்கம் பாயுது. நமக்கு? ஆறு பள்ளத்தில் போகுது, நம் நிலம் மேட்டில் கிடக்குது.

பொம்மிடி சுற்றுவட்டாரத்துக்கு சேர்வராயன் மலை மழைதான் கதி. புயல் மழை கொட்டின வருஷம் வாணியாறு அணை நிரம்பும். மற்ற வருஷம் வானத்தைத்தான் பார்க்கணும். ஏரி காய்ஞ்சா கிணறு காயும். ஆழ்துளை போட்டா செலவு ஏறுது. பல ஊர்களில் அந்தத் தண்ணியில் ஃப்ளோரைடு இருக்கு, பல்லும் எலும்பும் கெடுது.

இப்போ ஒரு கணக்குப் போடுங்க. ஆற்றில் ஒரு லட்சம் கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடினா 8.64 டி.எம்.சி. 2018 ஆகஸ்டில் அணை நிரம்பி, வந்த வெள்ளம் கொள்ளிடம் வழியா கடலுக்குப் போச்சு. 22-ம் தேதி இரவு முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்து மதகு 9 உடைஞ்சுது. 1836-ல் காட்டன் துரை காலத்தில் கட்டினது. அங்கே மதகு தாங்காத தண்ணீர். அதே மாசம் நம் ஏரிகள் எப்படிக் கிடந்தன என்று உங்களுக்கே தெரியும்.

"மேட்டுக்குத் தண்ணீர் ஏறுமா?" என்று கேட்கிறாங்க. ஏறும். 2013-ல் தொடங்கின ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீர் மேடேறி தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் வந்தாச்சு. பக்கத்துச் சேலம் மாவட்டத்தில் மேட்டூர் உபரிநீரை 100 ஏரிகளுக்குக் கொண்டு போக 565 கோடி ரூபாயில் சரபங்கா திட்டம் போட்டு, 2021-ல் முதல் கட்டத்தையும் தொடங்கினாங்க. அங்கே முடிஞ்சது இங்கே ஏன் முடியாது? கரண்டுச் செலவு உண்டு, மறுக்கலை. ஆனா வருஷம் பூரா மோட்டார் ஓட்டச் சொல்லலை. வெள்ள நாளில் மட்டும் ஓட்டினா போதும்.

நாம் கேட்பது இதுதான்:

1. அணை நிரம்பி வழியும் நாட்களில் ஒகேனக்கல்லில் இருந்து உபரிநீரை ஏற்றி தருமபுரி மாவட்ட ஏரிகளை நிரப்ப வேண்டும்.

2. டெல்டா பங்கில் ஒரு சொட்டும் குறையக் கூடாது. அவங்களும் நம்ம ஆளுங்கதான்.

3. தண்ணீர் வரும் முன்னே வரத்து வாய்க்கால், மதகு, ஏரிக்கரையைச் சரி செய்ய வேண்டும். ஆக்கிரமிப்பை எடுக்க வேண்டும். இதில் நமக்கும் பங்கு உண்டு. நம்ம வரப்பை ஒட்டின வாய்க்காலை நாமே அடைச்சுட்டு அரசாங்கத்தைக் கேட்க முடியாது.

வெள்ளத்தைப் பிடிச்சு வறட்சிக்குக் கொடுப்பது என்ற யோசனை புதுசில்லை. 1934-லேயே கட்டி முடிச்சுக் காட்டினாங்க. அதே வேலையை நம்ம மேட்டு நிலத்துக்கும் செய்யச் சொல்றோம். அதுக்குத்தான் ஊர் ஊராக் கையெழுத்து வாங்க வர்றோம். வீட்டுக்கு ஒருத்தராவது கிளம்பி வாங்க!

கடலுக்குப் போகும் வெள்ளத்தை எங்க ஏரிக்குத் திருப்பு!