பத்து நிமிடம், கட்டிலிலேயே

இன்று பிப்ரவரி 15, சர்வதேசக் குழந்தைப் பருவப் புற்றுநோய் தினம். நம் வீட்டுப் பிள்ளை சோர்ந்து உட்கார்ந்தால் என்ன சொல்வோம்? "போய்க் கொஞ்சம் தூங்கு, சரியாயிடும்." கீமோ ஏறும் பிள்ளையிடம் அது எடுபடாது. பத்து மணி நேரம் தூங்கி எழுந்தும் பல் தேய்க்கக் கை வராது. ரத்தம் குறைந்திருக்கும். வின்கிறிஸ்டின் மருந்து கால் நரம்பைத் தளர்த்தியிருக்கும். ஸ்டீராய்டு தொடைச் சதையைக் கரைத்திருக்கும். ரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு, மூன்று ஆண்டு வைத்தியம் ஓடும். அத்தனை நாளும் படுத்தே கிடந்தால் மிச்சமிருக்கிற தெம்பும் போய்விடாதா?

2018-இல் லான்செட் குழும இதழில் மருத்துவர்கள் ஒரு வழிகாட்டு நெறி வெளியிட்டார்கள். இந்தப் பிள்ளைகளின் சோர்வுக்கு உடல் அசைய வேண்டும், மனதைத் தளர்த்தும் பயிற்சியும் கைகொடுக்கலாம் என்றார்கள். நம் யோகாவில் இரண்டும் ஒரே பாயில் இருக்கின்றன!

யோகா என்றதும் தலைகீழாக நிற்பதை நினைக்காதீர்கள். பிளேட்லெட் குறைந்த பிள்ளைக்குச் சிரசாசனம் ஆபத்து. நெஞ்சில் மருந்தேற்றும் போர்ட் வைத்த பிள்ளையைக் குப்புறப் படுக்கச் சொல்லக் கூடாது. கட்டிலில் உட்கார்ந்தபடியே கணுக்காலைச் சுழற்றட்டும். பூனை மாதிரி முதுகை வளைக்கட்டும். வண்டு மாதிரி 'ம்ம்ம்' என்று ரீங்கரிக்கட்டும். இந்தப் பயிற்சியைப் பிராமரி என்றால் பிள்ளை முழிக்கும். வண்டு என்றால் சிரிக்கும். பத்து நிமிடம். "போதும்" என்று பிள்ளை சொன்னால் நிறுத்திவிட வேண்டும். ஊசி குத்தும்போது அது சொல்கிற "போதும்" யார் காதிலும் ஏறுவதில்லை. இங்கேயாவது ஏறட்டும்.

இன்னொன்றை உரக்கச் சொல்கிறேன். மூச்சுப் பயிற்சியே கட்டியைக் கரைத்துவிடும் என்று எவராவது சொன்னால் அந்த வாசலை மிதிக்காதீர்கள். தங்கையை இந்த நோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். மருந்தை நிறுத்தச் சொல்கிறவர் அந்த உழைப்பையே அவமதிக்கிறார்.

யோகா ஆசிரியர்களே, வாரம் ஒரு மணி நேரம் கொடுங்கள். வார்டுக்குள் நுழையுமுன் அன்றைய ரத்த அறிக்கையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சலா, ஆசனம் வேண்டாம், ஒரு கதை சொல்லிவிட்டு வாருங்கள். உங்களுக்கே சளியா, அன்றைக்கு வீட்டிலேயே இருங்கள்.