கால்நடை நோய்க்குறியியலும் நம் பிள்ளைகளும்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



“நம் குலத்துப் பிள்ளை செத்த மாட்டை அறுத்துப் பிழைப்பதா?” என்று கேட்போர் நம்மில் இன்றும் உளர். இக்கேள்வியால் மேலானதோர் உத்தியோகம் நம் மக்களுக்கு எட்டாமற் போகின்றது. கால்நடை நோய்க்குறியியலே அது.

நாயின் மடியில் ஒரு கட்டி காணின், வைத்தியர் அதனை அறுத்தெடுத்து, பார்மலினில் இட்டுத் தனியார் பரிசோதனைச்சாலைக்கு அனுப்புகின்றார். அங்கே அதனை மெழுகிற் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 200-இல் ஒரு பங்கு கனமாகச் சீவிச் சாயமேற்றுகின்றனர். அச்சீவலை மைக்ராஸ்கோப்பில் நோக்கி, புற்றா அன்றா என்று தீர்ப்பெழுதிக் கையொப்பமிடுபவரே இந்நிபுணர். அத்தீர்ப்புப் பிழைபட்டால் சிகிச்சையும் பிழைபடும். புதிய மருந்துகளை மனிதருக்குக் கொடுக்குமுன் எலி முதலியவற்றில் சோதிக்கும் கம்பெனிகளும் இவரையே நாடுகின்றன.

இவ்வித்தை மனிதருக்கும் அரணாகும். 1999-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் காகங்கள் மடிந்தன. மனிதரும் மூளைக்காய்ச்சலாற் துன்புற்றனர். அதிகாரிகள் அதனைச் செயின்ட் லூயி காய்ச்சல் என்றனர். பிராங்க்ஸ் மிருகக்காட்சிச்சாலையின் நோய்க்குறி நிபுணரான டிரேசி மக்நமாரா அம்மையார் இறந்த பறவைகளை அறுத்தாராய்ந்து, அக்காய்ச்சல் பறவைகளை இவ்வாறு கொல்லாதென வாதித்தார். முடிவில், அமெரிக்கக் கண்டம் அதுவரை கண்டிராத மேற்கு நைல் காய்ச்சலே அஃதென வெளியாயிற்று. செத்த பறவையைத் தொட அவர் கூசியிருந்தால் உண்மை எவ்வளவு காலந் தாழ்த்திருக்கும்?

இறந்த மாட்டைத் தொடுவோரைத் தாழ்ந்தோரென்று ஒதுக்கிய அநியாய வழக்கமே இவ்வருவருப்பின் வேர். அவ்வேரைக் களையாமல் கல்வியைப்பற்றிப் பேசுதல் வீண்.

சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இன்றும் நடைபெறுகின்றது. பட்டப்படிப்பு, பயிற்சியுடன் 5½ ஆண்டு. நோய்க்குறியியலில் நிபுணராவதற்கு அதன்மேல் 2 ஆண்டு முதுநிலைக் கல்வி வேண்டும். இவ்விடத்தில்தான் நம் குடும்பங்கள் தளர்கின்றன. “படித்தது போதும், சம்பாதி” என்பர் பிள்ளையை. “கலியாணம் ஆகட்டும்” என்பர் பெண்ணை. சீவல்களின் படங்களைக் கணினி வழியே அனுப்பி, இருக்குமூரிலிருந்தே நிபுணர் பார்க்கும் வசதி இக்காலத்தில் உண்டு. ஆதலின் இல்லறம் இதற்குத் தடையென்பது பொருந்தாது.

நமது வித்தியா நிதியிலிருந்து ஆண்டுதோறும் ஒருவருக்கேனும் அவ்விரண்டாண்டுச் செலவை அளிக்கத் தீர்மானிக்குமாறு சங்கத்தாரை வேண்டுகின்றேன். பெற்றோரை நான் வேண்டுவது ஒன்றே: பிள்ளை இதனை விரும்பி வந்து கேட்கும்போது முகஞ் சுளியாதீர்கள்.