'தண்ணி' என்னும் சொல்



நம் செங்கற்பட்டு வட்டாரப் பேச்சில் 'தண்ணி' என்னும் ஒரு சொல்லுக்குத்தான் எத்தனை பொருள்! பிடிகொடாமல் அலைக்கழிப்பது 'தண்ணி காட்டுவது'; மது அருந்துவது 'தண்ணி அடிப்பது'; முழுதும் கைவந்த கலை 'தண்ணீர் பட்ட பாடு'; இனித் தேறான் என ஒருவனைக் கைகழுவுவது 'தண்ணி தெளித்து விடுவது'. இறுதியில் கூறியது, பலியாட்டின்மேல் நீர் தெளிப்பதை நினைவூட்டும் கொடுஞ்சொல். பள்ளிக்கு வாராத நம் சிறுவன் ஒருவனைப் பற்றி நானே ஒருமுறை அதைச் சொன்னேன், இன்றும் நாணுகிறேன்.

தண்ணீரே மறுக்கப்பட்டவர் நாம். பொதுக்கிணறும் பொதுப்பாதையும் நமக்கும் உரியவை என 1924-இல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொணர்ந்தவர், இம்மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். அவர் நம்மைக் கைகழுவவில்லை. நீங்களும் எந்தப் பிள்ளையையும் தண்ணி தெளித்து விட்டுவிடாதீர்கள். கல்வியைத் தண்ணீர் பட்ட பாடாக்குங்கள்.