இரண்டே சொல்லில் அழியும் தரவுத்தளம்

வங்கிக் கணக்கு, மருத்துவமனைப் பதிவு, மாணவர் பட்டியல் எல்லாமே இன்று தரவுத்தளங்களில், ஒன்றோடொன்று தொடர்புள்ள அட்டவணைகளாக இருக்கின்றன. அப்படிப்பட்ட தளத்தை அடியோடு அழிக்க 'டிராப் டேட்டாபேஸ்' என்ற இரண்டு சொல்லும் அதன் பெயரும் போதும். மைஎஸ்கியூஎல்லில் இந்தக் கட்டளையைத் தட்டினால், "நிச்சயமாகவா?" என்றுகூடக் கேட்காது. வீட்டுக் கணினியில் உள்ள குப்பைத்தொட்டியும் இங்கே கிடையாது. போஸ்ட்கிரெஸ் சற்றுக் கண்டிப்பானது. யாராவது அந்தத் தளத்தில் இணைந்திருந்தால் அழிக்க மறுத்துவிடும்.

அழிப்பதே தவறு என்பதல்ல. தேவை முடிந்த தனிநபர் தரவுகளை நிரந்தரமாக அழிக்க வேண்டும் என்று மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. எதை அழிக்கிறோம், எந்தக் கணினியில் அழிக்கிறோம் என்பதில்தான் ஆபத்து.

நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31ஆம் தேதி இரவு நடந்ததைப் பாருங்கள். மாற்றுக் கணினியில் இருந்த தரவுத்தள நகல் பின்தங்கிவிட்டது. அதைத் துடைத்துவிட்டுப் புதிதாக நகலெடுக்கப் பொறியாளர் ஒருவர் முனைந்தார். ஆனால் அவர் கட்டளையிட்டது முதன்மைக் கணினியில்! ஓரிரு விநாடியில் தவற்றை உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிகாபைட்டில் மிஞ்சியது வெறும் 4.5. அவர் பயன்படுத்தியது கோப்புகளை அழிக்கும் கட்டளைதான். விளைவில் வேறுபாடு இல்லை.

காப்புநகல் இருக்குமே என்பீர்கள். ஐந்து வழிகளில் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒன்றுகூட ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. அன்றாட நகலெடுக்கும் மென்பொருள் பழைய 9.2 பதிப்பு, தரவுத்தளமோ 9.6. நகலெடுப்பு தோற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களையும் அஞ்சல் சேவையகம் திருப்பி அனுப்பிவிட்டது. வீட்டில் மணி அடித்தும் கதவு திறக்காத கதைதான்!

சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் கைப்பட எடுத்துவைத்த ஒரு படிமம்தான் காப்பாற்றியது. அதை எடுத்தவரும் அதே பொறியாளர்தான். இடைப்பட்ட நேரத்தின் தரவுகள் மீளவில்லை. ஏறத்தாழ 5,000 திட்டங்கள், 5,000 கருத்துகள், 700 புதிய கணக்குகள் பாதிக்கப்பட்டன. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். அந்தத் துணிச்சல் பாராட்டத்தக்கது.

ஆகவே, அழிக்கும் பொறுப்பில் உள்ளவர்கள் முதலில் திரையில் தெரியும் கணினியின் பெயரை வாய்விட்டுப் படிக்கட்டும். காப்புநகலை வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து பார்க்கட்டும். கோப்பு இருக்கிறது என்பது போதாது. போஸ்ட்கிரெஸில் தளத்தின் பெயரை மாற்றிவிட்டு ஒரு மாதம் காத்திருக்கலாம். மைஎஸ்கியூஎல்லில் அந்த வசதி இல்லை; அங்கே பயனர்களின் அனுமதியை நீக்கிவிட்டுக் காத்திருக்கலாம். யாராவது "என் பட்டியல் எங்கே?" என்று தேடி வந்தால், அழிக்காத தளம் அப்படியே இருக்கும்.