கைப்பேசி விளையாட்டும் நம் சிறாரும்



விளையாட்டு தீதன்று, அதற்கு அடிமையாதலே தீது. எம்மிடம் பயிலும் மாணாக்கனொருவன் வகுப்பில் உறங்கினான். சோம்பலென்று கடிந்தோம். இரவெல்லாம் கைப்பேசியில் விளையாடினான் என்பதைப் பின்னரே அறிந்தோம். பிழை எம்முடையதே.

உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொணர்ந்த நோய்ப்பட்டியலில் இஃதும் ஒன்று. குறிகள் மூன்று: நிறுத்த நினைத்தும் இயலாமை, உண்டியினும் கல்வியினும் விளையாட்டே பெரிதாதல், கேடு கண்டும் விடாமை. இவை ஓராண்டளவு நீடிப்பின் நோயென்பர்.

தந்தை கைப்பேசியைப் பறித்தபோது அம்மாணாக்கன் பகைத்தான். வீட்டார் அனைவரும் இரவில் தத்தம் கைப்பேசியைக் கூடத்தில் வைத்துத் துயிலத் தொடங்கிய பின்னரே மெல்ல மீண்டான்.

இவ்வாறும் மீளாதாரை மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்க. பெங்களூர் நிம்ஹான்ஸில் 2014 முதல் இதற்கெனத் தனிப்பிரிவு உண்டு. குலத்தார் அறியின் இழுக்கென்று மறைத்தல் வேண்டா.

இன்றிரவு நம் கைப்பேசியை முதற்கண் நாமே கூடத்தில் வைப்போமாக.