இணையத்தின் மீது இறையாண்மை: துபாய் மாநாடு உணர்த்தும் பாடம்

(ரூவியில் தமிழ் உறவுகளிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2007 ஜூன் மாதத்தில் இலங்கையில் தமிழ்நெட் இணையத்தளம் முடக்கப்பட்டது. அம்முடக்கத்திற்குத் துணைநிற்கப் பன்னாட்டு உடன்படிக்கை எதுவும் அன்று இருக்கவில்லை. இத்தகைய முடக்கங்களுக்கு உலகின் ஒப்புதலைத் தேடும் முயற்சி குறித்தே இன்று பேச விழைகின்றேன்.

நமக்கு அண்மையிலுள்ள துபாயில், 2012 டிசம்பர் 3 முதல் 14 வரை, அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் மாநாடு நடைபெற்றது. 1988 இல் மெல்போர்னில் வகுக்கப்பட்ட விதிகளைத் திருத்துவதே அதன் நோக்கம். தத்தம் எல்லைக்குட்பட்ட இணையத்தை ஒழுங்குபடுத்துவது அரசுகளின் இறையாண்மை உரிமை என்றது ஒரு கூட்டு வரைவு. ரஷ்யா, சீனா, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் முதலிய நாடுகளின் பெயர்கள் அதில் இருந்தன. எதிர்ப்பு எழவே அது மீளப்பெறப்பட்டது.

ஆயினும், வேண்டாத மொத்த மின்மடல்களைத் தடுக்கும் பிரிவு இறுதி ஆவணத்தில் இடம்பெற்றது. எது வேண்டாதது என்றறிய, பல வேளைகளில் மடலின் உள்ளடக்கத்தைப் பார்த்தாக வேண்டும். கணினித்துறையினர் அஞ்சியது இதற்கே.

89 நாடுகள் ஒப்பமிட்டன. 55 நாடுகள் ஒப்பமிடவில்லை. இலங்கையும் ஓமானும் ஒப்பமிட்டன. இந்தியா அங்கு ஒப்பமிடவில்லை. ஒப்பமிட்டவை யாவும் அடக்குமுறை அரசுகள் அல்ல. பிரேசிலும் தென்னாப்பிரிக்காவும் அவற்றுள் அடங்கும். இணைய முகவரி நிர்வாகம் அன்று அமெரிக்க மேற்பார்வையில் இருந்தமை பல நாடுகளுக்கு மனக்குறையாக இருந்தது. நியாயமான அக்குறையையே அடக்குமுறை அரசுகள் தமக்குப் போர்வையாக்கிக் கொண்டன. அவற்றின் வலிமை எண்ணிக்கையில் இல்லை. பிறர் குறையைத் தம் குரலாக்கும் திறனிலேயே உள்ளது.

அம்முயற்சி அத்துடன் ஓயவில்லை. இணையக் குற்றங்களுக்கு எதிரான புதிய உடன்படிக்கைக்காக ரஷ்யா முன்னெடுத்த தீர்மானம், 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் 79க்கு 60 என்ற வாக்குகளில் நிறைவேறியது. அவ்வுடன்படிக்கை 2024 டிசம்பர் 24 அன்று ஏற்கப்பட்டது. நான்காண்டுகளோ அதற்கு மேலோ சிறைத்தண்டனைக்குரிய குற்றமெனில், மின்னணுச் சான்றுகளைத் திரட்ட ஒரு நாடு மற்றொரு நாட்டின் உதவியைக் கோரலாம். அரசை விமர்சிப்பதையே அத்தகைய குற்றமாக்கிய நாடு கேட்டால் என் செய்வது? உரிமைக் காப்புகளும் அதில் உண்டு. எனினும் அவற்றின் வலிமை பெரிதும் அந்தந்த நாட்டுச் சட்டத்தையே சார்ந்துள்ளது.

உறவுகளே, வளைகுடாவில் வாழும் நமக்கு இங்கு வாக்குரிமை இல்லை. கனடாவிலும் பிரித்தானியாவிலும் குடியுரிமை பெற்று வாழும் நம் உறவுகளுக்கு அது உண்டு. ஏற்புறுதி குறித்த கேள்வி அந்நாட்டு நாடாளுமன்றங்களில் எழும்போது, கருத்துரிமையைப் பறிக்கும் கோரிக்கைகளை மறுக்கும் சட்டக் காப்பு வேண்டுமென அவர்கள் தம் உறுப்பினர்களிடம் வலியுறுத்தட்டும். அதற்கான விளக்கங்களைத் தொகுத்து அவர்களுக்கு அனுப்பும் பணியைக் கணினி அறிந்த நாம் ஏற்போம்.